இது என்னோடது இல்லையே, மிஸ்ஸி

புதிதாக ஒருவர் சிங்கப்பூரில் இருக்கும் எங்கள் தாதிமை இல்லத்துக்கு வந்து சேரும் நாளில் என் கண் முதலில் போவது, கூட வந்த மகனோ மகளோ கையில் தொங்கவிட்டிருக்கும் பிளாஸ்டிக் பைக்குத்தான். உடுப்புப் பை வேறு. இது மருந்துப் பை.

சென்ற ஆண்டு கடைசியில் வந்த ஒரு தாத்தாவின் பையை மேசையில் கொட்டினேன். (ஆள் அடையாளம் தெரியக் கூடாது என்பதற்காக இந்தப் பதிவு முழுக்கச் சில விவரங்களை மாற்றித்தான் எழுதுகிறேன்.) பலதுறை மருந்தகத்தின் (பாலிகிளினிக்) ஸிப் பைகள் ஏழெட்டு. அதில் இரண்டில் ரத்த அழுத்தத்துக்கான அம்லோடிப்பின், ஒன்று 5 மில்லிகிராம், இன்னொன்று 10. வயிற்று அமிலத்துக்கு மருத்துவமனை கொடுத்த ஒமிப்ரசோல் ஒரு பெட்டி, புளோக்குக்குக் கீழே இருக்கும் கிளினிக்கில் வாங்கிய ஒமிப்ரசோல் இன்னொரு பெட்டி, இரண்டும் வேறு வேறு நிறம். திருச்சிக்குப் போயிருந்தபோது அங்கே ஒரு டாக்டர் எழுதிக்கொடுத்த இனிப்புநீர் (சர்க்கரை நோய்) மாத்திரை. அந்தப் பெயரை இங்கே யாரும் கேள்விப்பட்டதில்லை, அட்டையைத் திருப்பிப் பொடி எழுத்தைப் படித்தால் கிளிமிபிரைடும் மெட்பார்மினும் ஒரே மாத்திரைக்குள் சேர்ந்திருக்கிறது, மெட்பார்மினோ ஏற்கெனவே பலதுறை மருந்தகத்துப் பையில் தனியாக இருக்கிறது. ஒரு பிஸ்கட் டின் நிறையக் கத்தரிக்கோலால் வெட்டிய அட்டைத் துண்டுகள். காலாவதித் தேதி அச்சடித்த ஓரம் எந்தத் துண்டோடு போனதோ. சளிக்கு மஞ்சள் மாத்திரை. கடைசியாக, கோடாலித் தைலம்.

“இதெல்லாம் அப்பா சாப்பிடுறதுதானா?”

“ஆமா சிஸ்டர். அவரே எடுத்துப் போட்டுக்குவாரு. எங்களுக்கு அவ்வளவா தெரியாது.”

சரி என்று தாத்தாவிடமே கேட்டேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டு, ஒவ்வொன்றையும் விரலால் தள்ளித் தள்ளிச் சொன்னார். திருச்சி மாத்திரை வெள்ளிக்கிழமை மட்டும், ஏனென்றால் அன்றைக்குக் கோயிலில் சாப்பாடு, பாயசம் இருக்கும். மஞ்சள் மாத்திரை சளிக்கு இல்லை, தூக்கம் வராத இரவுகளில். ரத்த அழுத்த மாத்திரை 10 போட்டால் தலை சுற்றுகிறது, அதனால் பாதியாக உடைத்துப் போடுகிறார், மூன்று வருஷமாக. டாக்டரிடம் சொல்லவில்லையா தாத்தா என்றேன்.

“அவரு கேக்கலையேம்மா.”

மகன் அப்பாவைப் பார்த்த பார்வையை நான் மறக்க மாட்டேன். ஆனால் எனக்கு வேறு கவலை. மருத்துவமனைக் கடிதத்தில் தினமும் 10 என்று இருக்கிறது. நான் தாதி, கடிதத்தில் இருப்பதைத்தான் கொடுக்க வேண்டும், தவறாமல் கொடுப்பேன். ஆக, வீட்டில் இத்தனை நாள் பாதி போட்டுக்கொண்டிருந்தவருக்கு இல்லத்துக்கு வந்த மறுநாளிலிருந்து முழு மாத்திரை, அதுவும் ஒரு நாள் விடாமல். அழுத்தம் இறங்கும், எழுந்து நிற்கும்போது தலை சுற்றும், குளியலறையில் விழுவார். நாம் எல்லாவற்றையும் சரியாகச் செய்ததால் விழுவார். வந்த முதல் வாரத்தில் கீழே விழுந்தவர்கள் சிலரை இப்படிப் பார்த்திருக்கிறேன்.

தேசிய மின்னியல் சுகாதாரப் பதிவு என்று ஒன்று 2011 முதல் நம்மிடம் இருக்கிறது. எந்த மருத்துவமனை எதை எழுதியது என்று அதில் பார்க்கலாம், பெரிய உதவிதான். திருச்சி அதில் இல்லை. பிஸ்கட் டின் இல்லை. பாதியாக உடைத்த கதையும் இல்லை. அன்றைக்கு மருந்தாளருக்கும் டாக்டருக்கும் மாறி மாறி போன் பேசிப் பட்டியலைச் சரி செய்ய எனக்கு இரண்டு மணி நேரம் ஆனது. அம்லோடிப்பின் 5 ஆனது, ஒமிப்ரசோல் ஒன்றாகக் குறைந்தது, திருச்சி மாத்திரையும் மஞ்சள் மாத்திரையும் நின்றன. மஞ்சள் மாத்திரை என்று நாம் சாதாரணமாகச் சொல்லும் குளோர்பெனிரமின் வயதானவர்களுக்குக் குழப்பம், மலச்சிக்கல், சிறுநீர் அடைப்பு என்று எதையெல்லாமோ இழுத்துவிடும். முதியவர்களுக்குத் தவிர்க்க வேண்டிய மருந்துகள் என்று உலகம் முழுக்கப் பார்க்கிற பீர்ஸ் பட்டியலில் அந்த வகையே இருக்கிறது. 1991இல் அமெரிக்காவில் மார்க் பீர்ஸ் என்ற முதியோர் மருத்துவரும் அவருடைய குழுவும் அதை முதன்முதலில் போட்டது தாதிமை இல்லங்களில் இருப்பவர்களை மனத்தில் வைத்துத்தான்.

நான் தாதி வேலைக்கு வந்து 19 ஆண்டு. முதல் ஆறு ஆண்டு மருத்துவமனை, அப்புறம் இல்லங்கள். இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று இளம் தாதிகள் கேட்பார்கள். மருத்துவமனையில் நோயாளி மூன்று நாளில் போய்விடுவார், அவர் யாரென்று உனக்குத் தெரியாது, அதனால் கைப்பட்டையைப் பார்க்கிறாய், ஸ்கேன் செய்கிறாய், பிறந்த தேதி கேட்கிறாய். இங்கே அவர் வீட்டில் இருப்பதுபோல் இருக்கிறார். கைப்பட்டை வேண்டாம் என்று கழற்றி எறிவார், மருந்துச் சீட்டில் ஒட்டிய போட்டோதான் அடையாளம், அந்தப் போட்டோ எடுத்தபோது பத்துக் கிலோ கூட இருந்திருப்பார். பரவாயில்லை, நமக்குத்தான் எல்லாரையும் தெரியுமே. யாருக்கு மைலோ, யாருக்குக் காப்பி, யாருடைய பேத்திக்குப் போன மாதம் கல்யாணம், எல்லாம் தெரியும். அந்தத் ‘தெரியும்’தான் எனக்கு இப்போது பயம்.

அதற்கு முன்னால் வைக்கும் இடத்தைப் பற்றிக் கொஞ்சம். பார்க்க வருகிறவர்களுக்கு நாங்கள் பூட்டுக்கும் சாவிக்கும் நடுவில் வாழ்வது கொஞ்சம் மிகையாகத் தெரியும். 2020ஆம் ஆண்டின் சுகாதாரப் பராமரிப்புச் சேவைகள் சட்டத்தின்கீழ் உரிமம் வாங்கித்தான் ஒரு தாதிமை இல்லம் நடக்க முடியும். சோதனைக்கு வருகிறவர்கள் வெறும் சுவரைப் பார்த்துவிட்டுப் போவதில்லை, இழுப்பறையைத் திறந்து பார்ப்பார்கள். மருந்து டிராலியில் ஆளுக்கு ஒரு இழுப்பறை, பெயரும் போட்டோவும் ஒட்டியது. நான் இரண்டடி தள்ளிப் போனாலும் பூட்டிவிட்டுத்தான் போக வேண்டும், ஏனென்றால் நினைவு தடுமாறும் ஒரு ஆயாவுக்கு அந்த டிராலியில் இருப்பதெல்லாம் மிட்டாய். மார்பின் போன்றவை இரட்டைப் பூட்டுக்குள், தனிப் பதிவேடு, ஒவ்வொரு ஷிப்ட் மாறும்போதும் இரண்டு பேர் சேர்ந்து எண்ணிக் கையெழுத்துப் போட வேண்டும். சொட்டு மருந்து மூடியைத் திறந்த அன்றே தேதியைப் பாட்டில் மேல் எழுத வேண்டும், 28 நாளில் குப்பைக்கு. நாக்குக்கு அடியில் வைக்கும் நெஞ்சுவலி மாத்திரை அது வந்த கண்ணாடிப் புட்டியிலேயே இருக்க வேண்டும், திறந்து எட்டு வாரத்தில் மாற்ற வேண்டும். அழகான பிளாஸ்டிக் டப்பாவில் பிரித்துப் போட்டுக் கொடுத்தால் வீரியம் போய்விடும், தேவைப்படும் நேரத்தில் வேலை செய்யாது.

பிரிட்ஜ் தனிக் கதை. திறக்காத இன்சுலின் 2 டிகிரிக்கும் 8 டிகிரிக்கும் நடுவில் இருக்க வேண்டும். திறந்த இன்சுலின் ஊசிப் பேனாவை வெளியே வைக்கலாம், பெரும்பாலானவற்றுக்கு 28 நாள் கணக்கு, ஆனால் மருந்துப் பெட்டிகளில் ‘30 டிகிரிக்குக் கீழே வைக்கவும்’ என்று போட்டிருப்பார்கள், நம் ஊரில் பிற்பகல் இரண்டு மணிக்கு நிழலிலேயே 32. அதனால்தான் முதியவர்களுக்கு மின்விசிறி ஓடும் இல்லத்திலும் மருந்து அறைக்கு மட்டும் ஏர்கான் இருக்கும். எங்களைவிட மாத்திரைக்குச் சொகுசு என்று ஒரு தாத்தா சிரிப்பார். ஒருமுறை வேலையில் புதிதாகச் சேர்ந்த பிள்ளை தன் மீன்குழம்பு டப்பாவை வைக்க இடம் வேண்டி இன்சுலின் பெட்டியைப் பின்சுவரோடு ஒட்டித் தள்ளி வைத்துவிட்டது. மறுநாள் எடுத்தால் உள்ளே ஐஸ். உறைந்த இன்சுலின் உருகினாலும் பழைய இன்சுலின் இல்லை, மொத்தமும் குப்பைக்கு. மருந்து பிரிட்ஜில் சாப்பாடு வைக்கக் கூடாது என்ற விதி யாரோ சுத்தக்காரர் எழுதியது என்று அதுவரை நானும் நினைத்திருந்தேன்.

சரி, அந்தத் ‘தெரியும்’ எனக்குப் பயமாகிப்போன அந்தக் காலை.

நடந்து எட்டு ஆண்டு இருக்கும். எந்த இல்லம் என்பது வேண்டாம், நான் இப்போது அங்கே இல்லை. ஒரே அறையில் இரண்டு பாட்டிகள். இருவருக்கும் ஒரே பெயர், அப்பா பெயர் மட்டும் வேறு. நம் ஆட்கள் அந்தத் தலைமுறையில் ஒரு பத்துப் பெயரைத்தான் சுற்றிச் சுற்றி வைத்திருக்கிறார்கள். மருந்துச் சீட்டின் மேல் ‘ஒரே பெயர், கவனம்’ என்று சிவப்பு ஸ்டிக்கர் இருந்தது. ஒட்டியது நானே. ஒருவருக்கு இனிப்புநீர், ஜன்னலோரக் கட்டில். மற்றவருக்கு ரத்த அழுத்தமும் மூட்டுவலியும்தான், உள்பக்கக் கட்டில். முந்தைய இரவு மழைச்சாரல் அடித்ததில் ஜன்னலோரப் பாட்டிக்குக் குளிர் என்று இரவு ஷிப்டில் இருவரையும் இடம் மாற்றிப் படுக்க வைத்திருந்தார்கள். காலையில் ஷிப்ட் மாறும்போது அதை என்னிடம் சொன்னார்கள்கூட. சொன்னது காதில் விழுந்தது, தலையில் ஏறவில்லை.

எட்டு மணிச் சுற்று. முப்பது பேர், ஒரு டிராலி, ஒரு நான். இனிப்புநீர்ப் பாட்டியின் மாத்திரைகளை அட்டையிலிருந்து பிரித்துக் கோப்பையில் போட்டேன். சீட்டைப் பார்த்துத்தான் போட்டேன், அதில் பிழை இல்லை. அந்த நேரம் எதிர் அறையில் ஒரு தாத்தா சக்கர நாற்காலியிலிருந்து தானாக எழப் பார்த்தார். டிராலியைப் பூட்டிவிட்டுக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டே ஓடினேன், பிடித்து உட்கார வைத்தேன், அவர் என்னைத் திட்டியதைக் கேட்டுக்கொண்டேன், திரும்பி வந்தேன். வந்து, நான்கு வருஷமாக எந்த ஜன்னலோரத்தில் எந்தப் பாட்டியைப் பார்த்தேனோ அந்த ஜன்னலோரத்துக்குப் போய்க் கோப்பையை நீட்டினேன்.

பாட்டி உள்ளங்கையில் கொட்டிப் பார்த்தார்.

“இது என்னோடது இல்லையே, மிஸ்ஸி. என்னோடது உருண்டையா இருக்கும். இது நீட்டமா இருக்கு.”

“கம்பெனி மாத்திட்டாங்க பாட்டி. மருந்து அதேதான்.”

இந்த வாக்கியத்தை நாங்கள் வாரம் ஒருமுறையாவது சொல்கிறோம். பெரும்பாலும் அது உண்மை. ஒரே மருந்தை இந்த மாதம் ஒரு நிறுவனம் தரும், அடுத்த மாதம் வேறொன்று தரும், வெள்ளை மஞ்சளாகும், வட்டம் நீளமாகும். சொல்லிச் சொல்லி அது யோசிக்காமலே வாயிலிருந்து வருகிற பதிலாகிவிட்டது. பாட்டி என் முகத்தைப் பார்த்தார், “நீ சொன்னா சரிதான்” என்றார், தண்ணீர் கேட்டார்.

பதினொன்றரைக்கு மியன்மார்க்காரப் பராமரிப்பு உதவியாளர்தான் கவனித்தார். பாட்டி முகமெல்லாம் வியர்வை, கை நடுக்கம், கேட்டதற்குச் சம்பந்தமில்லாத பதில். விரலில் குத்திப் பார்த்தால் சர்க்கரை 2.9. நான்குக்குக் கீழே இறங்கினாலே குறைவு. சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தோம், பதினைந்து நிமிடம் கழித்து 3.6, மறுபடியும் கொடுத்தோம். இந்தப் பாட்டிக்கு இனிப்புநீரே கிடையாதே, எப்படிச் சர்க்கரை இறங்கும் என்று அந்தப் பெண் கேட்டபோதுதான் எனக்கு அந்த ‘நீட்டம்’ நினைவுக்கு வந்தது. வயிற்றில் ஏதோ புரண்டது.

மெட்பார்மின் மட்டும் என்றால் இவ்வளவு இறங்கியிருக்காது. கூடப் போனது சர்க்கரையை வேகமாக இறக்கும் கிளிக்லசைடு, அதிலும் நாள் முழுக்க மெதுவாகக் கரைகிற வகை. சர்க்கரைத் தண்ணீர் கொடுத்து ஏற்றினாலும் அது உள்ளே இருந்து திரும்பத் திரும்ப இறக்கிக்கொண்டிருக்கும், ஒரு நாளாவது கண் மூடாமல் பார்க்க வேண்டும். டாக்டருக்குச் சொன்னேன், ஆம்புலன்ஸுக்கு 995ஐக் கூப்பிட்டோம், இரண்டு இரவு மருத்துவமனையில் இருந்துவிட்டுப் பாட்டி நல்லபடியாகத் திரும்பினார். சம்பவ அறிக்கையை நானே எழுதினேன். மகளுக்கும் நானே போன் செய்தேன். அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

“அம்மா ஒண்ணும் சொல்லலையா சிஸ்டர்?”

சொன்னார், நான்தான் கேட்கவில்லை என்றேன்.

சரியான ஆள், சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம். இந்த ஐந்தையும் தாதிமைப் படிப்பின் முதல் ஆண்டிலேயே சொல்லிக்கொடுத்துவிடுவார்கள், தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அன்றைக்கும் தெரியும். 2009இல் இங்கிலாந்தில் 55 பராமரிப்பு இல்லங்களில் 256 பேரைப் பார்த்து ஓர் ஆய்வு வெளிவந்தது. அவர்களில் பத்துக்கு ஏழு பேருக்கு ஏதாவதொரு மருந்துப் பிழை நடந்திருந்தது, எழுதியதிலோ, பொட்டலம் போட்டதிலோ, கொடுத்ததிலோ, கண்காணித்ததிலோ. ஆளுக்குச் சராசரி எட்டு மருந்து. பெரும்பாலான பிழைகள் பெரிய கேடு செய்யாதவை என்று ஆறுதல் சொல்லலாம். அந்தப் புள்ளிவிவரத்தை நான் பாட்டி சம்பவத்துக்குப் பிறகுதான் படித்தேன், ஆறுதலாக ஒன்றும் இல்லை. இத்தனை தாதிகளும் ஐந்தையும் மனப்பாடம் செய்தவர்கள்தானே என்றுதான் தோன்றியது.

அதற்குப் பிறகு அந்த இல்லத்தில் சில மாற்றங்கள் வந்தன. பிரித்த மாத்திரைக் கோப்பையோடு யாரும் நகரக் கூடாது. நடுவில் எழ நேர்ந்தால் கோப்பை இழுப்பறைக்குள், திரும்பி வந்ததும் முதலிலிருந்து. போட்டோ ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதிதாக. கட்டில் மாறினால் சீட்டும் கூடவே மாற வேண்டும். மருந்துச் சுற்றின்போது ‘கூப்பிடாதீர்கள்’ என்று எழுதிய சிவப்பு மேலங்கி போட்டுக்கொள்ளச் சொன்னார்கள். அதைப் பற்றி என் கருத்து என்னவென்றால், முதியவர்கள் அந்தச் சிவப்பைப் பார்த்ததும் இன்றைக்கு என்ன விசேஷம் என்று கேட்கக் கூப்பிடுகிறார்கள். உறவினர்களிடம் ஓரளவு வேலை செய்கிறது.

உறவினர்கள் என்றதும் சொல்ல வேண்டியது. எட்டு மணிக்கும் ஒன்பதுக்கும் இடையில் டிராலிக்குப் பக்கத்தில் நிற்கும் தாதியிடம் டயபர் பற்றியோ பில் பற்றியோ கேட்காதீர்கள், கொஞ்சம் பொறுங்கள், நாங்களே வருவோம். அப்புறம், தைலத்தைத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டுப் போகாதீர்கள். அம்மா கேட்டாங்க, மணமாவது இருக்கட்டும் என்பது புரிகிறது, ஆனால் பக்கத்துக் கட்டிலில் நினைவு தடுமாறியவர் இருக்கிறார், அவருக்கு அது பச்சை நிறச் சர்பத். சீனப் புத்தாண்டுக்கு யாராவது கொடுத்த பம்பளிமாஸைக் கொண்டுவந்தால் முதலில் எங்களிடம் காட்டுங்கள், சிலவகைக் கொழுப்பு மாத்திரைகளோடு அது ஒத்துப்போகாது. ரத்தம் உறையாமல் இருக்க வார்பரின் சாப்பிடுகிறவருக்கு இந்த வாரம் மட்டும் முருங்கைக்கீரையாகக் கொண்டுவந்து ஊட்டுவதும் அப்படித்தான். கீரை கூடாது என்றில்லை, திடீரென்று கூடுவதும் குறைவதும்தான் ரத்தப் பரிசோதனைக் கணக்கைக் கெடுக்கிறது.

இன்னொன்று, இடித்துக் கொடுப்பது. விழுங்க முடியவில்லை என்றால் எல்லா மாத்திரையையும் ஒன்றாகப் போட்டு இடித்து, சோற்றில் கலந்து கொடுத்துவிடலாம் என்று வீட்டில் பழகியிருப்பீர்கள். நாள் முழுக்கக் கரையும்படி செய்த மாத்திரையை இடித்தால் ஒரு நாள் மருந்தும் ஒரே மணி நேரத்தில் உள்ளே போகிறது. சிலவற்றுக்கு மேல்பூச்சே வயிற்று அமிலத்திலிருந்து காப்பதற்குத்தான். கேளுங்கள், மருந்தாளரிடம் கேட்டால் திரவமாகவோ வேறு வகையாகவோ பெரும்பாலும் வழி கிடைக்கும். சோற்றுக்குள் ஒளித்துக் கொடுப்பதில் எனக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. ஒருவர் வாயை இறுக்கி மூடிக்கொள்கிறார் என்றால் அதுவும் ஒரு பேச்சுத்தான். கசக்கிறதா, தொண்டையில் நிற்கிறதா, போன முறை வாந்தி வந்ததா, இல்லை உண்மையிலேயே அது அவருடையது இல்லையா.

பிழை செய்தவர்களை எழுத வைத்துப் பிறகு அதை வைத்தே தண்டிக்கும் இடங்களில் அறிக்கைகள் வராது, பிழைகள் மட்டும் வரும். என்னை அந்த மேலாளர் உட்கார வைத்து ஒரு மணி நேரம் கேட்டார், வேலையை விட்டுத் தூக்கவில்லை. அதனால்தான் இதை எழுதும் அளவுக்கு இன்னும் தாதியாக இருக்கிறேன்.

பாட்டி திரும்பி வந்த பிறகு என்னிடம் எந்தக் கோபமும் காட்டவில்லை. ஆனால் எண்ண ஆரம்பித்தார். ஒவ்வொரு வேளையும் உள்ளங்கையில் கொட்டி, “உருண்டை ஒண்ணு, உருண்டை ரெண்டு, அரை ஒண்ணு” என்று சத்தமாக. முடிக்கும் வரை நான் தண்ணீர்க் கோப்பையைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். பக்கத்துப் பாட்டிகளும் அதைப் பார்த்து எண்ண ஆரம்பித்தார்கள், சுற்று இருபது நிமிடம் நீண்டது, மேலதிகாரிகள் முணுமுணுத்தார்கள்.

அந்தத் திருச்சி மாத்திரைத் தாத்தா இப்போது என் வார்டில்தான் இருக்கிறார். முந்தாநாள் காலை கோப்பையை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பி நீட்டினார்.

“இது நேத்து இல்லையே.”

பின்னால் எட்டுப் பேர் காத்திருந்தார்கள். சீட்டைத் திறந்தேன், போட்டோவைப் பார்த்தேன், இழுப்பறையிலிருந்து அட்டையை எடுத்தேன். அம்லோடிப்பின் 5 தான், இந்த முறை நிஜமாகவே கம்பெனி மாறியிருந்தது. வாய்வரை வந்த பழைய பதிலை விழுங்கிவிட்டு அட்டையை அவர் கையில் கொடுத்தேன். கண்ணாடி எங்கே என்று தேடி, போட்டுக்கொண்டு, எழுத்துக் கூட்டிப் பெயரை முழுதாகப் படித்தார். பக்கத்தில் இருந்த 5ஐ விரலால் தொட்டுப் பார்த்தார். அப்புறம்தான் வாயைத் திறந்தார்.